மாப்பிள்ளைக்கு ஆகாத சுத்தம்

மருத்துவமனையின் அடித்தளத்தில், அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, ஆவியில் வேகவைத்து, உறையில் போட்டு மேலே அனுப்பும் அறைக்கு அவள்தான் பொறுப்பு. இருபத்தாறு வருடமாக. அவள் இல்லாதபோது எல்லாரும் அவளைக் கிருமியக்கா என்பார்கள். இருக்கும்போது கையைக் கழுவிக்கொண்டு வந்து அக்கா என்பார்கள். சுத்தம் சோறு போடும் என்பது மற்றவர்களுக்குப் பழமொழி. அவளுக்கு அது பிழைப்பு.

வீட்டிலும் அதே சட்டம்தான். கணவர் ரயில் கார்டு என்பதால் வாரத்தில் நாலு நாள் வெளியில் இருப்பார். அந்தக் குடும்பம் ஒற்றுமையாக இருந்ததற்கு அது முக்கியமான காரணம்.

அவளுடைய தம்பி லைன்மேன். முப்பது வருடம் மழையிலும் காற்றிலும் மின்கம்பம் ஏறி இறங்கியவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் வீட்டுச் சமையலறையில் பல்ப் மாற்ற முக்காலியில் ஏறி, விழுந்து, தொடை எலும்பை முறித்துக்கொண்டான். யானைக்கும் அடி சறுக்கும்தான். ஆனால் எந்த யானையும் மூன்று காலில் ஒன்று ஆடுகிற முக்காலியில் ஏறாது. அக்கா வேலை பார்க்கும் மருத்துவமனையிலேயே மூன்றாவது மாடியில் படுக்கை கிடைத்தது. எலும்புக்குள் கம்பி வைத்தார்கள். ஆறு வாரம் இருக்க வேண்டும் என்றார்கள்.

மயக்கம் தெளிந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "மாப்பிள்ளை."

"பொண்ணைக் கட்டிக் குடுத்துட்டீங்களா சார்?" என்று நர்ஸ் அன்பாகக் கேட்டாள். அவனுக்குப் பெண்ணும் இல்லை, பிள்ளையும் இல்லை. மாப்பிள்ளை என்பது ஒரு தங்கமீன்.

தம்பியின் மனைவி வாங்கி வளர்த்த மீன் அது. கைக்குள் அடங்குகிற அளவு, உடம்பெல்லாம் ஆரஞ்சு நிறம். சாப்பிடுவது, சும்மா சுற்றுவது, ஏதோ குறை கண்டதுபோல முறைப்பது ஆகிய மூன்றைத் தவிர வேறு வேலை பார்க்காததால் அவள்தான் அந்தப் பெயரை வைத்தாள். இரண்டு வருடத்துக்கு முன் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து தம்பியின் பேச்சு வற்றிப்போனது. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம், அதில் எட்டு மாப்பிள்ளையிடம். மனைவியைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய் மீனுக்குச் சாப்பாடு போடுவான். அவள் கையால் வளர்ந்த உயிர் அந்த வீட்டில் அது ஒன்றுதான். அதுவும் போனால் மிச்சமிருக்கிற இரண்டு வார்த்தையும் நின்றுவிடும் என்று அக்காவுக்குத் தெரியும்.

"மாப்பிள்ளையை நான் பார்த்துக்கறேன்டா," என்று சொல்லிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டாள்.

மீனை வாளியில் எடுத்துக்கொண்டது சரி. தொட்டியைத் தண்ணீரோடு தூக்கியதுதான் தப்பு. அடியில் ஒட்டு விட்டு, தண்ணீர் முழுக்க அவள் காலில் கொட்டியது. போனால் போகிறது, பழசுதானே என்று புதுத் தொட்டி வாங்கி, தன் வீட்டுக் கூடத்தில் மேசை போட்டு வைத்தாள். பிறகு பழைய ஃபில்டரைத் திறந்தாள். உள்ளே இருந்த ஸ்பாஞ்சைப் பார்த்ததும் அவளுக்கு ரத்தம் கொதித்தது. பழுப்பும் கறுப்புமாக, தொட்டால் வழவழவென்று, இரண்டு வருடமாக ஒருத்தர் கைபடாத அழுக்கு. இதற்குள் ஓடி வருகிற தண்ணீரையா அந்த வாயில்லாச் சீவன் குடித்துக்கொண்டிருந்தது!

இருபத்தாறு வருட அனுபவம் வேலை செய்தது. ஸ்பாஞ்சைப் பானையில் போட்டு இருபது நிமிடம் கொதிக்க வைத்தாள். கூழாங்கற்களை ப்ளீச்சில் ஊறவைத்து ஏழு முறை அலசினாள். பிளாஸ்டிக் செடியைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் இலை இலையாகத் தேய்த்தாள். தண்ணீரை ஊற்றி, தொட்டியோடு வாங்கி வந்த குளோரின் நீக்கும் மருந்தையும் சீட்டில் போட்டிருந்தபடி சொட்டு எண்ணி விட்டாள். எல்லாம் முடிந்தபோது அந்தத் தொட்டிக்குள் வைத்து ஒரு அறுவை சிகிச்சையே செய்யலாம்போல இருந்தது. மாப்பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு, பெருமையாக ஒரு அடி பின்னால் நின்று பார்த்தாள்.

நாலாம் நாள் மாப்பிள்ளை சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. துடுப்புகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். முறைக்கக்கூட இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

வண்ணமீன் கடைக்காரர் மனிதர்களிடம் பேசிப் பழக்கமில்லாதவர். கண்ணாடியைப் பார்த்தபடியேதான் பதில் சொல்வார்.

"ஃபில்டரை என்ன பண்ணீங்க?"

"சுத்தம் பண்ணேன்."

"எப்படி?"

"கொதிக்க வெச்சேன்."

அவர் அன்றைக்கு முதல்முறையாக ஒரு மனித முகத்தைப் பார்த்தார். "அதுக்கு மீனையே சேர்த்துக் கொதிக்க வெச்சிருக்கலாமே மேடம்."

பிறகு சொன்னார். மீன் விடுகிற கழிவு தண்ணீரில் அம்மோனியா ஆகும். அது விஷம். பழைய ஸ்பாஞ்சில் குடியிருந்த ஒரு வகை பாக்டீரியா அதைத் தின்று நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம். இன்னொரு வகை வந்து அதை நைட்ரேட் ஆக்கும். அது அவ்வளவு மோசமில்லை, வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றினால் போய்விடும். அந்த இரண்டு கூட்டமும் வந்து குடியேற நாலு வாரம் ஆகலாம், ஆறு வாரமும் ஆகலாம்.

"நீங்க அவங்க குடும்பத்தையே அழிச்சுட்டீங்க."

"கிருமி வளரணும்கிறீங்க."

"ஆமா."

"அதைக் கொல்றதுக்குத்தான் நான் சம்பளம் வாங்குறேன்."

"அது ஆஸ்பத்திரி. இது தொட்டி," என்று மறுபடியும் மீன்களின் பக்கம் திரும்பிக்கொண்டார். தினமும் தண்ணீரைச் சோதிக்க வேண்டும், அம்மோனியா ஏறினால் பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும், புதுத் தண்ணீருக்கு மருந்து கட்டாயம், சாப்பாடு ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு சிட்டிகை. "முக்கியமா, ஸ்பாஞ்சைத் தொடாதீங்க. அழுக்கானாலும் தொடாதீங்க. அழுக்கானா சந்தோஷப்படுங்க."

அழுக்கைக் கண்டு சந்தோஷப்படச் சொல்லி அவளிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. சோதனை மருந்துப் பெட்டியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

ஒன்று சொல்ல வேண்டும். கிருமியக்காவுக்குப் பிடிவாதம் உண்டு, அகங்காரமும் உண்டு, ஆனால் ஒழுங்கு என்று வந்துவிட்டால் அவளை யாரும் அசைக்க முடியாது. அன்று மாலையே ஒரு நீளநோட்டில் கோடு போட்டாள். நாள், அம்மோனியா, நைட்ரைட், மாற்றிய தண்ணீர், குறிப்பு. கடைசியில் இரண்டு கட்டம்: செய்தவர், சரிபார்த்தவர். வேலையில் எந்தப் பதிவுக்கும் இரண்டு கையெழுத்து வேண்டும். ஒருத்தர் செய்தது சரி என்று இன்னொருத்தர் பார்த்துச் சொல்லாமல் ஒரு கத்தரிக்கோல்கூட மேலே போகாது. பதிவில் பொய் எழுதியவர்களை அவள் வேலையை விட்டே அனுப்பியிருக்கிறாள். அதனால் முதல் வரியில் நடந்ததை நடந்தபடி எழுதினாள்: 'ஸ்பாஞ்சு, கொதிநீர், இருபது நிமிடம். என் தவறு.' செய்தவர் கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள். சரிபார்த்தவர் கட்டம் காலியாக இருந்தது. கணவர் வீட்டில் இருக்கிற மூன்று நாளும் தூக்கம்தான், வேறு யார் இருக்கிறார்கள்?

தினமும் விடிந்ததும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் நிறம் பார்ப்பாள். மஞ்சள் என்றால் அம்மோனியா இல்லை. பச்சை என்றால் இருக்கிறது. தினமும் பச்சைதான். குடம் குடமாகத் தண்ணீர் மாற்றினாள். பழைய தண்ணீரும் புதுத் தண்ணீரும் ஒரே சூடுதானா என்று காய்ச்சல் பார்க்கிற மாதிரி அளந்தாள். தொட்டிக்குள் கைவிடும் முன் சோப்புப் போடக் கூடாது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். வெறும் தண்ணீரில் அலசிய கையை உள்ளே விட்டபோது, தெருவில் துணியில்லாமல் நிற்பதுபோல அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

சாப்பாட்டு இடைவேளையில் மூன்றாவது மாடிக்குப் போவாள்.

"மாப்பிள்ளை?" என்பான் தம்பி.

"நல்லா இருக்கார்."

"சாப்பிடறாரா?"

"சாப்பிடறார்."

அவன் கண்ணை மூடிக்கொள்வான். அன்றைய பேச்சு முடிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களை அவள் பார்த்திருக்கிறாள். ஒரு முழுத் தொட்டியை மறைக்கிற ஆளாகத் தானே ஆவாள் என்று நினைத்ததில்லை. நோட்டில் உண்மை, வாயில் பொய் என்று நாட்கள் போயின.

தொட்டி துடைக்கும்போது தம்பியின் மனைவி நினைவு வரும். இருவரும் ஒட்டி உறவாடிய நாத்தனாரும் தம்பி மனைவியும் அல்ல. இவள் அந்த வீட்டுக்குப் போனால் முதலில் பாத்திரம் துடைக்கும் துணியை இரண்டு விரலால் தூக்கிப் பார்ப்பாள். அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள், புன்னகையோடு வாங்கி மறைத்துக்கொள்வாள். ஒருமுறை இவள் தொட்டியைப் பார்த்து, "மாப்பிள்ளை இளைச்சுட்டாரே!" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். அவள் முகம் சிவந்து, வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. அன்றிலிருந்து, தன்னை அவளுக்குப் பிடிக்காது என்று இவள் முடிவு கட்டியிருந்தாள்.

பன்னிரண்டாம் நாள் அம்மோனியா கொஞ்சம் இறங்கி, நைட்ரைட் கிடுகிடுவென்று ஏறியது. நீலமாக இருக்க வேண்டிய குழாய் கத்தரிப்பூ நிறத்தில் நின்றது. மாப்பிள்ளை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினார். பாதித் தண்ணீரை மாற்றியும் மறுநாள் அதே நிறம். கடைக்காரரிடம் ஓடினாள்.

"எங்கயாவது நல்லா ஓடுற பழைய தொட்டி இருந்தா, அந்த ஸ்பாஞ்சுல பாதி வாங்கிட்டு வந்து உங்க ஃபில்டர்ல வைங்க. ரெடிமேட் குடும்பம்," என்றார்.

"உங்ககிட்ட இல்லையா?"

"என் தொட்டியெல்லாம் இந்த வாரம் வெள்ளைப்புள்ளி நோய். தந்தா அதையும் சேர்த்துத் தருவேன்." நேர்மையான மனிதர். அவருக்கு வியாபாரம் ஓடாததன் காரணம் அவளுக்கு அப்போது புரிந்தது.

நல்லா ஓடுற பழைய தொட்டி ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியும். மருத்துவமனையின் வரவேற்புக் கூடத்தில், நோயாளிகள் காத்திருக்கும் இடத்தில், எட்டு வருடமாக ஓடுகிறது. பச்சைப் பாசி படிந்த கண்ணாடி, உள்ளே பதினாலு மீன், ஒன்றுக்கும் ஒரு தலைவலி வந்ததில்லை. அந்தத் தொட்டியை 'கிருமிக் கூடாரம்' என்று குறிப்பிட்டு, உடனே அகற்றுமாறு நிர்வாகிக்கு மூன்று கடிதம் எழுதியவள் அவள்தான். கழுவுகிற மீனில் நழுவுகிற மீனான நிர்வாகி, மூன்றாவது கடிதத்தில் மாட்டிக்கொண்டு ஒருவழியாக ஒப்புதல் கொடுத்திருந்தார். வருகிற சனிக்கிழமை தொட்டியைக் காலி செய்கிறார்கள். அன்று வியாழன்.

நிர்வாகியின் அறைக்குள் போய், உட்காராமல் நின்றாள்.

"அந்தத் தொட்டியை எடுக்க வேணாம் சார்."

அவர் கோப்பைத் திறந்து மூன்று கடிதத்தையும் மேசையில் வரிசையாக வைத்தார். "இதெல்லாம் நீங்க எழுதினதுதானே?"

"ஆமா."

"இப்ப?"

"நாலாவதா ஒண்ணு எழுதித் தர்றேன்."

அங்கேயே எழுதிக் கொடுத்தாள். 'மேற்படி தொட்டியில் நன்மை செய்யும் கிருமிகள் இருப்பது தெரியவருவதால் என் முந்தைய கடிதங்களை ரத்துசெய்யக் கோருகிறேன்.' நிர்வாகி இரண்டு முறை படித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். சாயந்தரத்துக்குள் அந்தக் கடிதத்தின் நகல் எல்லா மாடிக்கும் போய்விட்டது. சிரிப்புச் சத்தம் அடித்தளம் வரை கேட்டது. அவள் கருவிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

தொட்டியைப் பார்த்துக்கொள்பவர் வாசல் காவலர். யாரும் சொல்லாமல், தானாக எட்டு வருடமாகச் செய்கிறார். மூன்று கடிதமும் அவர் காதுக்குப் போயிருந்தது. அவள் கத்தரிக்கோலோடு வந்து நின்றதும் அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"பாதி ஸ்பாஞ்சு வேணும்."

"எதுக்கு, எரிக்கவா?"

"என் தம்பியோட மீன் சாகக் கிடக்கு. நான்தான் கொன்னுக்கிட்டு இருக்கேன்," என்றாள். பதின்மூன்று நாளில் தன் தவறை அவள் வாயால் ஒப்புக்கொண்டது அதுதான் முதல்முறை.

காவலர் எழுந்தார். ஃபில்டரைத் திறந்தார். கத்தரிக்கோலை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "சுத்தமானதுதானே? என் தொட்டி கெட்டுடக் கூடாது," என்றார். வாழ்க்கையில் அவளை யாரும் கேட்காத கேள்வி. தலையை ஆட்டினாள்.

பழுப்பு ஸ்பாஞ்சின் பாதியை, அந்தத் தொட்டித் தண்ணீரோடு, தன் சாப்பாட்டு டப்பாவில் வாங்கிக்கொண்டாள். தினமும் கொதிநீர் ஊற்றிக் கழுவுகிற டப்பா. பஸ்ஸில் மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனாள். பக்கத்தில் இருந்தவர் மூக்கைச் சுளித்து நகர்ந்து உட்கார்ந்தார். அவளும் வேறொரு நாளில் நகர்ந்திருப்பாள்.

ஸ்பாஞ்சை ஃபில்டரில் வைத்துவிட்டு மேசை முன்னால் உட்கார்ந்து அன்றைய வரியை எழுதினாள்: 'அம்மோனியா அரை. நைட்ரைட் இரண்டு. பாதித் தண்ணீர். பழைய ஸ்பாஞ்சு சேர்த்தது. மீன் மேலேயே நிற்கிறது. நான் அழுதேன்.' கடைசி வாக்கியத்தை அடிக்கலாமா என்று யோசித்தாள். பதிவில் அடிக்கக் கூடாது. விட்டுவிட்டாள்.

பதினாறாம் நாள் மாப்பிள்ளை நடுத்தொட்டிக்கு வந்தார். பத்தொன்பதாம் நாள் ஒரு சிட்டிகையைச் சாப்பிட்டுவிட்டு இன்னும் எங்கே என்று பார்த்தார். இருபத்துநாலாம் நாள் ஒரு குழாய் மஞ்சள், ஒரு குழாய் நீலம். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். ஸ்பாஞ்சு அழுக்காகிக்கொண்டு வந்தது. கிருமியக்கா அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

ஆறு வாரம் முடிந்து, தம்பி வாக்கரைத் தள்ளிக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குத்தான் வந்தான். தொட்டி முன்னால் நாற்காலி போட்டுக் கொடுத்தாள். மாப்பிள்ளை அவனை முறைத்தார். அவன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தொட்டி புதுசு," என்றான்.

இனி வாயால் சொல்ல முடியாது என்று தோன்றியது. நோட்டை எடுத்து அவன் மடியில் வைத்துவிட்டு, தண்டனைக்கு நிற்கிறவள்போல நின்றாள். அவன் முதல் வரியைப் படித்தான். விரல் அங்கேயே நின்றது. பிறகு ஒவ்வொரு வரியாகக் கீழே போனான். பதின்மூன்றாம் நாளில் மறுபடியும் நின்றது. எழுந்து போய்விடுவான், அதோடு பேச்சு முடிந்தது என்று நினைத்தாள்.

"இருபது நிமிஷமா?" என்றான்.

"ஆமாடா."

"அவ பத்து நிமிஷம்தான் வெச்சா."

அவளுக்குப் புரியவில்லை.

"மாப்பிள்ளை வந்த மூணாவது மாசம். நீ வர்றேன்னு ஃபோன் பண்ணியிருந்தே. 'ஸ்பாஞ்சைப் பார்த்தா உங்க அக்கா என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க'ன்னு பானையில போட்டு வேக வெச்சா. கல்லையெல்லாம் ப்ளீச்சுல கழுவினா. நீ வந்து, 'தொட்டி பளிச்சுன்னு இருக்கே'ன்னு பாராட்டிட்டுப் போனே. ஒன்பதாம் நாள் மாப்பிள்ளை போயிட்டார்."

அக்கா தொட்டியைப் பார்த்தாள். "அப்ப இது?"

"இது ரெண்டாவது மாப்பிள்ளை. அதே கலர்ல தேடி ஏழு கடை ஏறி இறங்கினோம். கொஞ்சம் சின்னதாத்தான் கிடைச்சுது. நீ அடுத்த தடவை வந்து நேரா தொட்டிகிட்ட போய், 'மாப்பிள்ளை இளைச்சுட்டாரே'ன்னு கேட்டே பாரு..."

அவனால் மேலே பேச முடியவில்லை. சிரிப்பு. இரண்டு வருடமாக அடைத்துக்கொண்டிருந்த குழாய் திறந்ததுபோல விக்கி விக்கி வந்தது. தொடையைப் பிடித்துக்கொண்டு வலியோடு சிரித்தான். "சமையலறைக்குள்ள போய் முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டுச் சிரிச்சா அக்கா. அப்புறம் அழுதா."

"என்கிட்ட ஏன்டா சொல்லலை?"

"சொல்லக் கூடாதுன்னா. அக்கா பாவம், தன்னாலன்னு தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவாங்கன்னா."

கிருமியக்கா நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்தாள். அந்தச் சமையலறையின் மூடிய கதவு நினைவுக்கு வந்தது. அதை இத்தனை வருடம் கோபம் என்று எண்ணி, தானும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒருநாளும் அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் உட்காராமல் இருந்ததை நினைத்தாள். இனி உட்கார வழியில்லை. பேனாவை எடுத்தாள். முதல் வரிக்கு மேலே கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே எழுதினாள்: 'முதல் மாப்பிள்ளை. ஒன்பது நாள். காரணம் நான்.' செய்தவர் கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள்.

தம்பி எட்டிப் பார்த்தான். "இந்தக் கட்டம் ஏன் காலியா இருக்கு?"

"சரிபார்க்க ஆள் இல்லை."

அவன் பேனாவை வாங்கிக்கொண்டான். மேலே இருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே நிதானமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு வந்தான். போட்டுக்கொண்டே பேசினான். ஏழு கடையில் எந்தக் கடைக்காரன் அவளிடம் திட்டு வாங்கினான், வாளியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் எப்படி வந்தாள், பாத்திரத் துணியை எங்கே ஒளித்து வைப்பாள். பத்தாவது வார்த்தையில் நிற்கவில்லை, நூறாவதிலும் நிற்கவில்லை. இடையில் தொட்டிக் கண்ணாடியின் பாசியை வெறும் விரலால் துடைத்த ஈரக் கையை மடியில் வைத்தபடி அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கழுவ எழுந்திருக்கவில்லை.